புகார் ஏதுமில்லை: ஒரு சேகோ ஆலை நிரப்பிய சுற்றுச்சூழல் படிவம்

சேலம்–ஆத்தூர் சாலைப் பக்கம் ஒரு சேகோ ஆலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் எடுக்கிறார்கள். அப்பா தொடங்கியது, இப்போது மகனும் கூட இருந்து நடத்துகிறார். மாவில் ஒரு பகுதி காகிதம் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போகிறது. பங்குச் சந்தையில் இருக்கும் அந்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் ஒரு கேள்விப் படிவம் வந்தது. எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், கழிவுநீரை என்ன செய்கிறீர்கள், மின்சாரம் எவ்வளவு, எழுத்தில் சுற்றுச்சூழல் கொள்கை உண்டா, சுற்றியுள்ள மக்களிடமிருந்து ஆண்டில் எத்தனை புகார்கள் வந்தன என்று பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் கேள்விகள். பூர்த்தி செய்து போர்டலில் ஏற்றக் கடைசித் தேதியும் இருந்தது.

கடைசியில் போன பதிலில், புகார் என்ற கட்டத்தில் பூஜ்யம். அந்தப் பருவத்தில்தான் கழிவுநீர் விஷயமாக ஆலை வாசலுக்கு ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள், அது ஊரறிந்த சேதி. அப்படியானால் பொய் எழுதினார்களா? இல்லை என்றுதான் சொல்வேன். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று பின்தொடர்வதே இந்த ஆய்வு. ஆலையின் பெயரும் ஊரின் பெயரும் இதில் வராது. அந்த நிபந்தனையில்தான் கோப்புகளைப் பார்க்க விட்டார்கள்.

படிவம் கிளம்பிய இடம்

2021 மே மாதம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் தன் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பை ஆண்டுதோறும் சொல்லும் அறிக்கை அது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு 2022–23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். 2012 முதல் இருந்த பழைய அறிக்கையில் நல்ல வார்த்தைகள் எழுதித் தப்பிக்கலாம். புதியது எண் கேட்கும். அதன் ஒன்பது கோட்பாடுகளில் ஆறாவது சுற்றுச்சூழல்: ஆற்றல், தண்ணீர், காற்று மாசு, பசுமைக்குடில் வாயு, கழிவு எல்லாம் அதற்குள் வரும். 2023 ஜூலையில், முக்கியமான பகுதியை வெளியாள் சரிபார்க்க வேண்டும், சரக்கு தருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று செபி அடுத்த படி வைத்தது. சரக்கு தருபவர் பகுதியைப் பிறகு தளர்த்தினார்கள். ஆனால் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகள் அதற்காகக் காத்திருக்கவில்லை, கேள்விகளை அனுப்பத் தொடங்கிவிட்டன. மும்பையில் போட்ட விதி ஆத்தூர் பக்கத்துக் கிழங்கு ஆலைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சேலத்தில் நிறுவனங்களும் சுற்றுச்சூழலும் என்று ஆய்வு செய்ய வருகிறவர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள் வேறு. கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை, சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட், மேட்டூரின் ரசாயன ஆலைகள், அனல் மின் நிலையம், சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன பாக்சைட். ஆண்டறிக்கை கிடைக்கும் இடங்களுக்கே ஆய்வாளர்கள் போகிறார்கள் என்பது என் சந்தேகம். சேகோ ஆலைக்கு ஆண்டறிக்கை கிடையாது. அதனால்தான் அங்கே போனேன்.

தண்ணீர், மாவு, வாடை

இரண்டாம் உலகப் போரில் மலேயா, ஜாவா பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, 1940களில் சேலத்தில் இந்தத் தொழில் கைத்தொழிலாகத் தொடங்கியது. 1981இல் ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழங்கைக் கழுவி, தோலுரித்து, ராஸ்பர் என்ற அரவை இயந்திரத்தில் அரைத்து, சலித்து, மாவுப் பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு மாவை எடுப்பார்கள். சக்கை திப்பியாகி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். ஈர மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. கழுவுவதிலும் சலிப்பதிலும் தெளியவிடுவதிலும் தண்ணீர் ஏராளமாகப் போகும்.

வெளியே வரும் தண்ணீர் புளிப்பு. அதில் கரைந்திருக்கும் மாவு சீக்கிரம் நொதித்துவிடும், கிழங்கில் இயற்கையாக இருக்கும் சயனைடு சேர்மங்களின் மிச்சமும் கொஞ்சம் இருக்கும். ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, பாசனத்துக்கு நிலத்தில் விடுவதென்றால் 100, புளிப்பைக் காட்டும் பி.எச். 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சுத்திகரிக்காத சேகோ கழிவுநீரில் பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் இருக்கும். பருவம் தொடங்கியதை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு மூக்கே சொல்லிவிடும்.

நான் பார்த்த ஆலையில் மூடிய குளம் ஒன்று உண்டு. கழிவுநீர் அதற்குள் நொதித்து எரிவாயு தருகிறது. அதை வறுப்பதற்கும் ஜெனரேட்டருக்கும் பயன்படுத்துகிறார்கள். அதைக் கடந்து வரும் தண்ணீர் திறந்த தொட்டிகளில் காற்றூட்டப்பட்டு, ஆலையின் சொந்தத் தென்னந்தோப்புக்குப் போகிறது. இந்த அளவில் உள்ள ஆலைக்கு இது நல்ல ஏற்பாடு, நேரில் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் படிவத்தில் இந்த எரிவாயுக் குளம் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஆண்டு விழாவில் பள்ளிக்குக் கொடுத்த மரக்கன்றுகளுக்கு ஒரு முழுப் பத்தியும் புகைப்படமும்.

கோட்பாடு என்ன சொல்லும்

பண்பாடும் நிறுவன அறிக்கையும் என்றாலே இரண்டு பெயர்கள் முதலில் வரும். ஒருவர் பண்பாட்டு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து, நாடுகளின் பண்பாட்டை அதிகார இடைவெளி (மேல் கீழ் என்ற ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது), தனிநபர்த்தன்மை, நிச்சயமின்மையைத் தவிர்த்தல் போன்ற அளவுகளால் மதிப்பிட்டார். இந்தியாவுக்கு அதிகார இடைவெளியில் 77, நிச்சயமின்மையைத் தவிர்ப்பதில் 40. இன்னொருவர் கணக்கியல் ஆய்வாளர் எஸ்.ஜே.கிரே. 1988இல் அந்த அளவுகளைக் கணக்கியலுக்குக் கொண்டுவந்து, ஒரு சமூகத்தின் கணக்கு முறை மறைப்பை நோக்கிப் போகுமா, வெளிப்படைத்தன்மையை நோக்கிப் போகுமா என்பது அந்தச் சமூகத்தின் விழுமியங்களைப் பொறுத்தது என்றார். அதிகார இடைவெளி கூடிய இடத்தில் மறைப்பு கூடும் என்பது அவரது கணிப்புகளில் ஒன்று. பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் இந்த எண்களை ஒரு பக்கம் வைத்து, அறிக்கையில் எத்தனை வரி சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மறுபக்கம் எண்ணி, இரண்டுக்கும் தொடர்பு தேடின.

இந்தியாவின் 77 யாருடைய 77 என்பதுதான் என் முதல் கேள்வி. ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டே போய்விட்டது. அதன் அலுவலக ஊழியர்கள் சொன்ன பதிலை வைத்து, கிழங்கின் மாவுச்சத்தை அளந்து பாயின்ட் கணக்கில் விலை பேசும் ஒரு முதலாளியைப் புரிந்துகொள்ளலாமா? கொஞ்சம் புரியலாம், அவ்வளவுதான். மறைப்பு என்ற கணிப்பு இந்த ஆலைக்குப் பொருந்துகிறது, ஆனால் மறைத்த பொருள்தான் நான் எதிர்பார்த்ததாக இல்லை.

மிச்சத்தை மறைத்து, கொடையைக் காட்டி

ஆலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் படிவம் 5 என்ற சுற்றுச்சூழல் அறிக்கையைத் தர வேண்டும். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருவது இது. முந்தைய மார்ச் வரையிலான ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு மாசு என்று கேட்கும். அதில் ஒரு பகுதி, மாசுக் கட்டுப்பாட்டுக்குச் செய்த ஏற்பாடுகளால் இயற்கை வளம் எவ்வளவு மிச்சம், உற்பத்திச் செலவு எவ்வளவு மாறியது என்று கேட்கிறது. எரிவாயுக் குளம் வைத்திருப்பவர் பெருமையாக நிரப்ப வேண்டிய இடம். இந்த ஆலையின் படிவங்களில் அங்கே ஆண்டுக்கு ஆண்டு ஒரே பொதுவான வாசகம்.

ஆலையைத் தொடங்கிய பெரியவரிடம் கேட்டேன். ‘சார், மிச்சம் ஆச்சுன்னு எழுதினா நாளைக்குக் கிழங்குக்காரன் பாயின்டுக்குச் சேத்துக் கேப்பான். ஊர்க் கண்ணும் பட்டுப்போகும். எதுக்குங்க?’ என்றார். விறகுச் செலவும் மின்கட்டணமும் எவ்வளவு குறைந்தது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும், கணக்குப்பிள்ளையின் தனி நோட்டில் மாதவாரியாக இருக்கிறது. அதை வாரியத்துக்கும் சொல்லவில்லை, காகித நிறுவனத்துக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாவு விலையைக் குறைக்கச் சொல்வார்கள் என்ற பயம் மகனுக்கு. வீட்டு வாசலில் பூசணிக்காய் பொம்மை கட்டும் அதே மனம் இங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் அதோடு வியாபாரக் கணக்கும் பின்னிக் கிடக்கிறது. எது பண்பாடு, எது வியாபாரம் என்று பிரிக்கப் பார்த்தால் இரண்டும் கிழியும்.

அதே மனிதர் கோயில் திருப்பணிக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் கொடுத்ததைக் காட்டத் தயங்குவதில்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாக ‘உபயம்’ எழுதுவதைக் கிண்டல் செய்யாத தமிழர் இல்லை. பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையும் பெரும்பாலும் அதே டியூப்லைட்தான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்பு அல்லது 1000 கோடி விற்றுமுதல் அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள நிறுவனங்களை, சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தச் செலவு வண்ணப் படங்களோடு அச்சாகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் பழுதான பம்ப் எந்தப் படத்திலும் வராது. கொடுத்ததைக் காட்டலாம், சம்பாதித்ததையும் மிச்சம் பிடித்ததையும் காட்டக்கூடாது, கெடுத்ததைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்ற வரிசை சிறிய ஆலையிலும் பெரிய நிறுவனத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பண்பாட்டின் கை எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. அறிக்கை எவ்வளவு நீளம் என்பதை விட, எதைக் காட்டலாம், யாரிடம் காட்டலாம் என்பதை அது தீர்மானிக்கிறது.

திண்ணையில் முடிந்த வழக்குகள்

ஆலையை ஒட்டிய தோட்டங்கள் பெரும்பாலும் பங்காளிகளுடையவை, இல்லாவிட்டால் மாமன் மச்சான் வகை. கிணற்றில் வாடை அடித்தால் அவர்கள் மனு எழுதுவதில்லை. காலையில் பால் ஊற்றிவிட்டு அப்படியே ஆலை வாசலுக்கு வருவார்கள். ‘மாப்ள, மோட்டாரு போட்டா தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது, என்னன்னு பாரு’ என்பார்கள். ‘சரிங்க மாமா, கரையில கசிவு இருக்கும், இன்னைக்கே ஆள விட்டு அடைக்கச் சொல்றேன்’ என்று பதில் வரும். அன்றே ஆள் போகும். தொட்டிக் கரையில் களிமண் போட்டு மிதித்து, சில இடத்தில் ஷீட்டும் விரித்தார்கள். அந்த மாமாவின் மாட்டுக்குப் பருவம் முடியும் வரை திப்பி இலவசம். அவரது கிணறு தெளியும் வரை ஆலைப் போர்வெல்லிலிருந்து ஒரு குழாயும் போனது.

இதைவிட வேகமான குறைதீர் முறையை எந்தப் பெரிய நிறுவனத்தின் கொள்கை ஆவணத்திலும் நான் பார்த்ததில்லை. தகவல் போவது, பொறுப்பேற்பது, சரிசெய்வது, ஈடு கொடுப்பது எல்லாம் ஒரு நாளில். ஆனால் ஒரு துண்டுத்தாளிலும் பதிவில்லை.

மகன் படிவத்தை நிரப்பும்போது, புகார் எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு இதெல்லாம் அவர் நினைவுக்கே வரவில்லை. அவருக்குப் புகார் என்றால் வாரியத்திலிருந்து வரும் கடிதம், அல்லது கலெக்டர் ஆபீஸிலிருந்து வரும் நகல். மாமா வந்து பேசியது குடும்ப விஷயம். மக்கள் குறைகளைக் கேட்கும் முறை உண்டா என்ற கேள்விக்கு முதலில் ‘இல்லை’ என்று போட்டிருந்தார். படிவத்துக்கு உதவிய ஆலோசகர் அதை ‘உண்டு’ என்று மாற்றி, வேறு ஏதோ ஆலைக்காக எழுதிய ஒரு கொள்கை ஆவணத்தில் பெயரை மட்டும் மாற்றி இணைத்தார். அதில் குறைதீர் அதிகாரி, மேல்முறையீட்டுக் குழு, 15 நாள் கெடு எல்லாம் இருந்தன. நிஜத்தில் இருந்த முறையைப் படிவம் கண்டுகொள்ளவே இல்லை, படிவத்தில் இருந்த முறையை நிஜத்தில் தேடினால் கிடைக்காது.

வாசல் இல்லாதவர்கள்

இங்கேயே நிறுத்தியிருந்தால் ‘உள்ளூர் பண்பாடு உயர்ந்தது, மேற்கத்திய படிவம் முட்டாள்தனம்’ என்று ஓர் அழகான முடிவு கிடைத்திருக்கும். கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கும் முடிவு அது. அதை நம்ப முடியாமல் போனது காலனிக்குப் போன பிறகு.

ஓடை இறங்கும் பக்கத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்பு. பெரிய மழை பெய்து தொட்டி நிரம்பினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். அங்கிருப்பவர்களில் பலர் இதே ஆலையில் களத்து வேலைக்கும் தோலுரிக்கவும் வருகிறவர்கள். மாமா போல அவர்கள் வாசலுக்கு வந்து உட்கார முடியாது. வேலை கொடுக்கிறவரிடம் குறை சொல்வதும் முடியாது. ‘அவங்க போய் உக்காந்து பேசுவாங்க, நாங்க எங்க போய் உக்கார்றது’ என்று ஒரு அம்மா கேட்டார்.

அவர்களுக்கு இருந்த வழிகள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது, கிராம சபையில் எழுந்து கேட்பது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒருமுறை கேட்டார்கள், தீர்மானப் புத்தகத்தில் ‘சுகாதாரப் பணிகள்’ என்ற பொதுத் தலைப்பில் அது கரைந்துபோனது. மனுவும் கொடுத்தார்கள், ரசீதும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மனு ஆலைக்கு வந்து சேர்ந்ததாக ஆலைக் கோப்பில் எந்தத் தடயமும் இல்லை.

ஆக, அந்தப் பூஜ்யத்துக்குள் இரண்டு விதமான மௌனங்கள் இருக்கின்றன. சொந்தக்காரர்களின் குறை தீர்ந்துவிட்டது, அதனால் எழுதப்படவில்லை. காலனியின் குறை தீரவில்லை, அதுவும் எழுதப்படவில்லை. நாட்டுக்கு ஒரு பண்பாடு, அதற்கு ஓர் எண் என்று போகும் ஆய்வு இரண்டையும் ஒரே ‘கூட்டுணர்வு’க் கணக்கில் போட்டுவிடும். ஒரே ஊருக்குள், ஒரே ஓடைக்கு இரு பக்கத்தில், பதில் சொல்லும் கடமை சாதியின் எல்லையோடு நின்றுபோவதை அந்த எண் காட்டாது.

வெள்ளையாக இருக்க வேண்டும்

இன்னொரு பண்பாடும் இந்த ஆலைக்குள் இருக்கிறது, அது சேலத்துடையது அல்ல. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம் முதலான வட, மேற்கு மாநிலங்களுக்குப் போகிறது. ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதங்களில் தானியம் விலக்கு என்பதால், அங்கே ஜவ்வரிசிக் கிச்சடியும் வடையும் விரத உணவு. விரத உணவென்றால் பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. தோலை ஒழுங்காக உரித்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினால் ஓரளவு வெள்ளை வரும், ஆனால் தண்ணீரும் கூலியும் கூடும். குறுக்கு வழியாகச் சில இடங்களில் வெளுப்பு ரசாயனமும் அமிலமும் சேர்த்து, உணவுப் பாதுகாப்புத் துறை சேலத்தில் சோதனை நடத்திச் சரக்கைப் பறிமுதல் செய்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. எங்கோ ஒருவர் தூய்மைக்காக இருக்கும் விரதம், இங்கே ஓடையில் இறங்கும் தண்ணீரை மாற்றுகிறது.

நான் பார்த்த ஆலை ரசாயனம் போடுவதில்லை என்று சொல்கிறது. கடையில் அதன் சரக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது, விலையும் அதற்கேற்றாற்போல. வாங்குபவரின் படிவத்தில் இதைச் சொல்ல ஓர் இடமும் இல்லை. காகிதத்துக்கு மாவு வாங்குகிறவருக்கு ஜவ்வரிசியின் நிறம் எதற்கு?

கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது

மறைப்பு நம் மரபு என்று யாராவது சொன்னால், உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டலாம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தச் சாசனங்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. நீர்நிலையைப் பராமரித்த பொறுப்புக்கு எழுத்தில் கணக்கு, காட்டாவிட்டால் சொந்தபந்தத்துக்கே தடை. இன்றைய எந்த ஒழுங்குமுறை ஆணையமும் இவ்வளவு கடுமையாகப் போகவில்லை. சரி, அந்தச் சபை பிராமண ஊர்ச் சபை, சொத்துள்ளவர்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கேயும் வட்டத்துக்கு வெளியே ஆட்கள் இருந்தார்கள்.

இதை ஆராய்கிறவர்களுக்கு

நடைமுறையில் எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். ஐந்து புள்ளி அளவுகோலில் ‘எங்கள் நிறுவனம் சுற்றுச்சூழலுக்கு முக்கியத்துவம் தருகிறது’ என்று கேட்டால் சேலத்தில் எல்லோரும் ஐந்துதான் போடுவார்கள். வீடு தேடி வந்தவரை ஏமாற்றி அனுப்பக்கூடாது என்ற மரியாதை அது. அந்தத் தாள்களைப் புள்ளியியலில் ஏற்றினால் அழகான முடிவுகள் வரும், அவற்றுக்கு அர்த்தம் இருக்காது.

அதற்குப் பதிலாகத் தாள்களைப் பின்தொடரலாம். டீசல் பில், விறகு லோடு ரசீது, திப்பி விற்ற நோட்டு, தொட்டி பார்க்கும் ஆளின் சட்டைப்பையில் இருக்கும் பி.எச். எழுதிய சின்ன டைரி. வாரியத்துக்குப் போன எண்ணும் இந்த நோட்டுகளின் எண்ணும் எங்கே விலகுகின்றன என்று பார்த்தால், அந்த விலகலில்தான் பண்பாடு இருக்கிறது. முதலாளி உடனிருக்கும்போது ஒரு நேர்காணல், இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டரோடு தொட்டிப் பக்கம் நடக்கும்போது இன்னொன்று என்று இரண்டும் வேண்டும். மேட்டூர் பக்கத்துப் பெரிய ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர் சொன்னார்: ஆன்லைன் கருவி காட்டும் எண் நேராக வாரியத்துக்குப் போய்விடும், ஆனால் கசிவை முதலில் மோப்பம் பிடிக்கும் ஆபரேட்டர் அதைப் பதிவேட்டில் எழுதமாட்டார், போனில்தான் சொல்வார். எழுதினால் பெயர் மாட்டிக்கொள்ளும். சேகோ ஆலையின் திண்ணைக்கும் அந்தப் போனுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மொழியையும் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொது விசாரணை தேவைப்படும் திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அதனால்தான் அந்த மேடைகளில் மக்கள் பக்க எண் சொல்லிக் கேள்வி கேட்க முடிகிறது. சேகோ ஆலை அந்த அறிவிக்கைக்குள் வராது. அதன் படிவம் 5 ஆங்கிலத்தில் எழுதி வாரியத்துக்குப் போகிறது, வாங்குபவரின் போர்டலும் ஆங்கிலம். ஓடைக்கரையில் இருப்பவர் படிக்க எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு

மறு ஆண்டு படிவம் வந்தபோது மகன் புகார் எண்ணிக்கையில் மாமாவுடையதையும் காலனியுடையதையும் சேர்த்து, எடுத்த நடவடிக்கையையும் எழுதினார். என்னிடம் பேசியதன் விளைவு இதில் இருக்கலாம், ஆய்வாளர் உள்ளே நுழைந்தாலே நடப்பு கொஞ்சம் மாறத்தான் செய்யும். போர்டல் உடனே சிவப்புக் கொடி காட்டியது. திருத்த நடவடிக்கைத் திட்டம், ஆதாரப் புகைப்படங்கள், மூன்றாம் நபர் பரிசோதனை அறிக்கை எல்லாம் கேட்டு வரிசையாக மின்னஞ்சல்கள். பூஜ்யம் எழுதிய பக்கத்து ஆலைகளுக்கு ஒன்றும் வரவில்லை. ‘உண்மைய எழுதுனதுக்குத் தண்டம்’ என்றார் பெரியவர். அதற்கு அடுத்த முறை கட்டத்தில் மறுபடி பூஜ்யம் ஏறியது. இந்தப் பூஜ்யத்தை இனி அறியாமை என்று சொல்ல முடியாது, யோசித்துப் போட்டது. மறைப்பு இந்த ஊரின் குணம் என்று ஓர் ஆய்வாளர் இந்தத் தாளைப் பார்த்து எழுதினால், அந்தக் குணத்தில் பாதியைக் கற்றுக்கொடுத்தது போர்டல்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இதற்கிடையில் காலனிப் பையன்கள் சில நூறு ரூபாய்க்கு தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, கிணற்றுத் தண்ணீரின் எண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடத் தொடங்கினார்கள். குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். சேலத்துப் பாறை நிலத்தில் ஆலையே இல்லாத ஊர்க் கிணறும் 500ஐத் தாண்டும். சேகோ கழிவைக் கண்டுபிடிக்க அந்த மீட்டர் சரியான கருவி அல்ல, பி.எச். தாளும், கழிவை ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனை அளக்கும் சி.ஓ.டி. பரிசோதனையும்தான் பொருத்தம் என்று அவர்களிடம் சொன்னேன். பி.எச். தாள் வாங்கிவிட்டார்கள். சி.ஓ.டி.க்கு ஆய்வகக் கட்டணம் கட்டுவது யார் என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.

அந்தக் குழுவில் பெரியவரும் இருக்கிறார். ஊராட்சிக் குழு என்பதால் யாரோ சேர்த்துவிட்டார்கள். பி.எச். தாள் படம் வந்தால் குரல் பதிவில் பதில் போடுகிறார், ‘தம்பி, காலையில ஆளு வரும், எந்தக் கிணறுன்னு காட்டுங்க’ என்று. ஆள் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளும் அதே குழுவில் தேதியோடு பதிவாகிறது. அந்தப் பதிவுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காலனிக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஊர்ப் பக்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.